சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினால்: குடும்பத்தோடு இரண்டு நாள் பார்க்க வேண்டியவை

நம் சமுதாயத்துப் பிள்ளைகள் ஏராளமானோர் இன்று ஜிஎஸ்டி சாலையை ஒட்டி வாழ்கிறார்கள். பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கம் கல்லூரி விடுதிகளில் படிக்கிறார்கள். மறைமலை நகர், மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, ஒரகடம் ஆலைகளில் வேலை பார்க்கிறார்கள். ஆம்பூரிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் அவர்களைப் பார்க்க வரும் பெற்றோர், பிள்ளையின் அறையில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மறுநாளே ஊருக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். "இங்கே பார்க்க என்ன இருக்கிறது ஹழ்ரத், எல்லாம் கம்பெனிதானே" என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் இதை எழுதுகிறோம்.

சிங்கப்பெருமாள் கோயில் சென்னை கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயில் தடத்தில் உள்ள சிற்றூர். தெற்கிலிருந்து வருவோர் செங்கல்பட்டில் இறங்கி மின்சார ரயிலில் ஏறினால், பரனூரை அடுத்த நிறுத்தம் இதுதான். ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. அதனால் சாலையில் லாரிகளுக்கும் ஆலைப் பேருந்துகளுக்கும் குறைவிருக்காது. ஊருக்குப் பெயர் தந்தது பல்லவர் காலக் குடைவரை நரசிம்மர் கோயில். கருவறையே குன்றின் உடம்பில் குடையப்பட்டிருப்பதால், மூலவரை வலம் வர விரும்பும் பக்தர்கள் குன்று முழுவதையும் சுற்றி வருகிறார்கள். இன்றும் வழிபாடு நடக்கும் தலம் அது. நாம் சாலையிலிருந்து குன்றைப் பார்த்து, இங்கிருந்து மாமல்லபுரம் வரை பல்லவர்கள் பாறையை எப்படிக் கையாண்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கலாம். அதுவே நல்ல முன்னுரை.

சிலருக்கு ஒரு தயக்கம் உண்டு. கோயில் நகரத்துக்கு முஸ்லிம் குடும்பம் போகலாமா என்பார்கள். பூமியில் பயணம் செய்து, முன்சென்றோர் என்ன ஆனார்கள் என்று பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் நமக்குச் சொல்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் ஒரு சின்னத்தை வரலாறாகப் பார்ப்பது வேறு, வணங்குவது வேறு. அந்த வேறுபாடு தெரிந்தவருக்கு மாமல்லபுரம் ஒரு திறந்தவெளிப் பாடநூல். ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும்: பிறர் புனிதமாகக் கருதுவதைக் கேலி பேசுவதும், சிலைகளுக்குப் பக்கத்தில் நின்று விளையாட்டாகப் படம் எடுப்பதும் நமக்குத் தடுக்கப்பட்ட நடத்தை. பிள்ளைகளுக்கு இதை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

செங்கல்பட்டு

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு சுமார் 10 கி.மீ. ரயிலில் போனால் கொளவாய் ஏரியைப் பார்த்தபடியே போகலாம். மழைக்காலம் முடிந்த மாதங்களில் தண்ணீர் தளும்பும்போது, இவ்வளவு பெரிய ஏரி ரயில் தண்டவாளத்துக்கு இத்தனை அருகிலா என்று வியப்பாக இருக்கும். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஆனால் 'செங்கல்பட்டு ஜில்லா' என்ற பெயர் அதைவிடப் பல தலைமுறை பழையது.

இந்தப் பெயருக்குப் பின்னால் நம் வரலாறும் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா, கர்நாடகப் போர்களில் தமக்குத் துணை நின்ற ஆங்கிலக் கம்பெனிக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். 1763இல் அவர் இந்தப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். 'செங்கல்பட்டு ஜாகிர்' என்று ஆவணங்களில் வருவது இதுதான். ஒரு முஸ்லிம் ஆட்சியாளரின் கையெழுத்தில்தான் சென்னையைச் சூழ்ந்த இந்த நிலம் கம்பெனியின் கைக்குப் போனது. நம் முன்னோர் ஆட்சியைப் பெருமையோடு மட்டும் பேசிப் பழகிய நமக்கு இது கசப்பான செய்திதான், ஆனாலும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. கடன் ஒரு நாட்டை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்குக் கிடைக்காது. நிலம் கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் ஊர் ஊராக அளந்து, ஏரி, வயல், வீடு, தொழில் என்று கணக்கெடுத்துவிட்டார். வாங்கியவர் அளந்து பார்த்தார், கொடுத்தவரிடம் அப்படி ஒரு கணக்கு இருந்ததா என்று கல்லூரியில் வரலாறு படித்த நாட்களில் நாம் யோசித்தது உண்டு.

செங்கல்பட்டுக் கோட்டை விஜயநகர அரசர்கள் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஒரு பக்கம் ஏரியே அகழியாக இருந்தது. 1751இல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, 1752இல் கிளைவ் கைப்பற்றினார். பிற்காலத்தில் ரயில் பாதை கோட்டையை ஊடுருவிப் போனது, உள்ளே அரசு அலுவலகங்கள் வந்தன. எஞ்சியிருப்பது சில மதில் துண்டுகளே. செஞ்சியைப் போல எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் 1780 செப்டம்பரை நினைத்துக்கொண்டு அங்கே நின்றால் கதை வேறு. அந்த மாதம் 10ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்கள். உதவிக்கு வந்திருக்க வேண்டிய ஹெக்டர் மன்றோ, சில மைல் தொலைவில் காஞ்சியிலேயே இருந்துவிட்டார். தோல்விச் செய்தி கேட்டதும் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு அவர் பின்வாங்கி வந்து சேர்ந்த இடம் இந்தச் செங்கல்பட்டுதான். ஸ்ரீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு வரையச் செய்த போர்க்காட்சி, இந்தப் பொள்ளிலூர் வெற்றியே.

செங்கல்பட்டில் பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை பயணத்தில் இருந்தால் ஜும்ஆவை இங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. கடற்கரைப் பக்கம் போய்ப் பள்ளியைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

வேடந்தாங்கல்: நவம்பரிலிருந்து மார்ச் வரை

செங்கல்பட்டிலிருந்து படாளம் வழியாகச் சுமார் 30 கி.மீ. தூரத்தில் வேடந்தாங்கல். பிள்ளைகளோடு வருவோருக்கு நாம் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே உள்ள ஒரு கிராமத்து ஏரி. நீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கூழைக்கடா, கொக்கு வகைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கரையில் நடைபாதையும் பார்வைக் கோபுரமும் உண்டு. தொலைநோக்கி இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இதன் சிறப்பு பறவைகளைவிட ஊர் மக்களிடம்தான். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். ஜாகிர் காலத்தில் ஆங்கிலச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, கிராமத்தார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் அவர்களுக்குக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936இல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கியது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. எழுத்தறிவு பரவாத காலத்தில், துப்பாக்கி ஏந்திய ஆட்சியிடம் போய்ப் பறவைக்காக மனுக் கொடுத்த மனிதர்கள்! அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை, ஏரி மட்டும் இருக்கிறது.

மாலையில் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் காட்சியே உச்சம். குளிர்காலத்தில் அது சரியாக மஃரிப் நேரத்தோடு வந்து முட்டும். அஸரை முடித்து, உளூவோடு உள்ளே போய்விடுங்கள். வெளியே வந்ததும் வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் சுத்தமான இடத்தில் ஒரு விரிப்பைப் போட்டுத் தொழுதுகொள்ளலாம். பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடம்தானே. பெண்களுக்கு மறைவு வேண்டுமென்றால் வண்டியை ஒரு பக்கம் நிறுத்திக்கொள்ளுங்கள். கோடையில் ஏரி வற்றியிருக்கும்போது போவதில் பயனில்லை.

மாமல்லபுரம்

இரண்டாம் நாளை மாமல்லபுரத்துக்கு ஒதுக்குங்கள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக 30 கி.மீ.க்குள் வந்துவிடும். வழியில் திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் கோயில் தெரியும். அந்த மலையின் ஒருகல் மண்டபத்தில் 17ஆம் நூற்றாண்டு டச்சு வணிகர்கள் தங்கள் பெயர்களைப் பொறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் சுவரில் பெயரைக் கிறுக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல போலும்.

மாமல்லபுரத்தின் சின்னங்கள் 7, 8ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அதாவது, நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் வாழ்ந்த காலத்தை ஒட்டி இங்கே நரசிம்மவர்மப் பல்லவன் ஆட்சிக்கு வந்தான். 'மாமல்லன்' என்ற அவன் பட்டப் பெயரே ஊர்ப்பெயர். 1984இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் இந்தியர்களுக்கு 40 ரூபாய் நுழைவுச் சீட்டு, 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஓரிடத்தில் வாங்கிய சீட்டு மற்றதற்கும் செல்லும், ஆகவே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. வெயில் கொளுத்தும் ஊர் என்பதால், ஃபஜ்ரு முடிந்த கையோடு கிளம்பி ஏழு மணிக்குள் அங்கே இருப்பது பெரியவர்களுக்கு நல்லது.

முதலில் ஐந்து ரதங்களுக்குப் போங்கள் என்பது நம் கருத்து. இவை கல்லை அடுக்கிக் கட்டியவை அல்ல. நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கொண்டு வந்திருக்கிறார்கள், அதனால் கூரை முடிந்திருக்கும், அடிப்பகுதி முடியாமல் நிற்கும். பிள்ளைகளை அந்த முடியாத இடங்களுக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். உளி விழுந்த தடமும், பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொத்தி எடுத்த முறையும் அங்கேதான் தெரியும். முடிந்த வேலை அழகைக் காட்டும், வேலை நடந்த விதத்தை முடியாததுதான் காட்டும்.

அடுத்தது அர்ச்சுனன் தபசு. அதைக் கங்கை இறங்கும் காட்சி என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஏறக்குறைய 27 மீட்டர் நீளப் பாறையில் யானைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். அவற்றில் ஒரு பூனை இரண்டு காலில் நின்று தவம் செய்கிறது, அதன் காலடியில் எலிகள் நம்பி வந்து நிற்கின்றன. வேஷம் போடும் பக்தியை 1300 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்பி கிண்டல் செய்திருக்கிறான். அதைப் பார்த்ததும் நமக்கு நம் காலத்து ஆட்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள். பெயர் சொல்ல மாட்டோம்.

பக்கத்திலேயே சரிவில் உருளாமல் நிற்கும் பெரிய உருண்டைப் பாறை. பிள்ளைகள் அதைத் தள்ளுவது போலப் படம் எடுத்தே தீருவார்கள், விட்டுவிடுங்கள். கடற்கரைக் கோயில், இரண்டாம் நரசிம்மவர்மனான ராஜசிம்மன் கற்களை அடுக்கிக் கட்டியது. உப்புக் காற்று அதன் சிற்பங்களின் முகங்களைத் தேய்த்துவிட்டது. ஊருக்குள் உளிச் சத்தம் கேட்டால் நின்று பாருங்கள். 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இங்குதான் இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிலை வாங்க நமக்கு வழியில்லை. ஆனால் அம்மி, ஆட்டுக்கல், குழவி போன்றவையும் அதே கைகளிலிருந்து வருகின்றன. நம் வீட்டில் இஞ்சி பூண்டு இடிக்கும் கல்லுரல் அங்கிருந்து வந்ததுதான்.

இனி, இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். மாமல்லபுரம் கடலில் குளிக்காதீர்கள். கரை சட்டென்று ஆழமாகிறது, திரும்பும் அலை காலை வாரிவிடும். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு வந்து இறங்கிய இளைஞர்களின் ஜனாஸாக்கள் இந்தக் கடற்கரையிலிருந்து போயிருக்கின்றன. நீச்சல் தெரியும் என்பது குளத்துப் பேச்சு. விடுதியில் தங்கிப் படிக்கும் உங்கள் மகனிடம் இதை நேரில், முகம் பார்த்துச் சொல்லுங்கள். அவன் உங்களோடு வருவதைவிட நண்பர்களோடு வரும் நாட்களே அதிகம்.

கடற்கரையோரம் தெற்கும் வடக்கும்

நேரம் இருந்தால் இரண்டு திசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் நுழைத்தால் யாருக்கும் நிம்மதி இராது.

தெற்கே சுமார் 15 கி.மீ. தூரத்தில், கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் கோட்டை, கிடங்குகள், செதுக்கு வேலைப்பாடு நிறைந்த கல்லறைப் பலகைகள். இப்பகுதி நெசவாளரின் மஸ்லின் துணி இங்கிருந்துதான் கப்பலேறியது. 1782 பிப்ரவரியில் இந்தக் கரைக்கு வெளியே பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதின. கூட்டம் இல்லாத இடம், அரை மணி நேரம் அமைதியாக உட்காரலாம்.

இன்னும் தெற்கே, கடப்பாக்கம் அருகே ஆலம்பரை. மாமல்லபுரத்திலிருந்து 50 கி.மீ. ஆகும். நம் குடும்பங்கள் அவசியம் பார்க்க வேண்டும் என்று நாம் நினைப்பது இதைத்தான். நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில், 1736க்கும் 1740க்கும் இடையில் எழுந்த கோட்டை. படகுத்துறையும் நாணயச் சாலையும் இருந்தன. தோஸ்த் அலி 1740இல் மராட்டியரோடு நடந்த போரில் இறந்தார். பத்தே ஆண்டில், 1750இல், முஸஃபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சத்தில் ஒரு பகுதியை 2004 சுனாமி கொண்டுபோனது. கட்டி முடித்த இருபது ஆண்டுக்குள் மூன்று கை மாறிய கோட்டை. ஜாகிரின் கதையும் இதன் கதையும் ஒன்றுதான். பங்காளிச் சண்டைக்கு வெளியாளைத் துணைக்கு அழைத்தார்கள், கூலியாக நிலத்தைக் கொடுத்தார்கள். செங்கல் மதில்கள் உப்பங்கழியைப் பார்த்து நிற்கின்றன, நிழல் குறைவு. குடிநீரும் விரிப்பும் கையோடு கொண்டு போங்கள்.

வடக்கே போவதானால் வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பிலிருந்து விஷம் எடுப்பதை அங்கே காணலாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷமும் முறிமருந்து தயாரிக்கப் போகிறது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டபின் பிழைப்பு இழந்த இருளர்களுக்காக 1978இல் உருவான சங்கம் இது. 2023இல் இம்மாவட்டத்து இருளர்கள் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், பத்மஸ்ரீ பெற்றார்கள்.

இன்னும் மேலே கோவளம். ஆற்காட்டு நவாப்கள் காலத்தில் 'சாதத் பந்தர்' என்ற பெயரோடு கோட்டை இருந்த துறை. 1752இல் கிளைவ் அதையும் பிடித்தார், கோட்டை தகர்க்கப்பட்டது. இங்குள்ள தர்காவில் அடங்கியிருப்பவர் தமீமுல் அன்சாரி (ரலி) என்ற நபித்தோழர் என்பது அங்கு வழிவழியாக வரும் நம்பிக்கை. எல்லா மதத்தாரும் வருகிறார்கள். ஸியாரத் பற்றிய கருத்து வேறுபாடுகளை இங்கே கிளற நாம் விரும்பவில்லை. அடங்கியிருப்பவருக்கு ஸலாம் சொல்லி, துஆச் செய்து, மரணத்தை நினைத்துத் திரும்புவதில் யாருக்கும் பிணக்கு இருக்காது. கேட்பதை அல்லாஹ்விடம் கேளுங்கள். தொழுகைக்கும் இந்த ஊர் வசதியானது. கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. கடலில் கால் நனைத்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், உயிர்காப்பாளர் நிற்கும், எல்லை குறித்த அந்தப் பகுதிக்கு அழைத்துப் போங்கள்.

வண்டலூர் உயிரியல் பூங்காவையும் பலர் கேட்கிறார்கள். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. நாம் ஒரு செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்.

தொழுகையும் சாப்பாடும்

கஸ்ர் பற்றி அடிக்கடி கேள்வி வருகிறது. ஹனஃபி மத்ஹபில் 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கி.மீ. தூரம் செல்லும் எண்ணத்தோடு புறப்பட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் சுமார் 82 கி.மீ. சென்னையிலிருந்து மாமல்லபுரமோ செங்கல்பட்டோ 60 கி.மீ.க்குள் அடங்குவதால், அங்கே மட்டும் வந்து திரும்பும் சென்னைவாசிகளுக்குக் கஸ்ர் கிடையாது, நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, கீழக்கரை, காயல்பட்டினத்திலிருந்து வருவோர் பயணிகளே. லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழும் சலுகையை ஷாஃபிஈக்கள் பயன்படுத்தலாம். ஹனஃபிகள் அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும்.

மகனின் அறையில் ஜமாஅத் வைக்கும்போது ஒரு சிக்கல் வரும். தந்தை பயணி, மகன் அங்கேயே தங்கியிருப்பவன். தந்தை இமாமாக நின்றால் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுப்பார். மகன் எழுந்து மீதி இரண்டை நிறைவு செய்ய வேண்டும். மகன் இமாமாக நின்றால் தந்தையும் நான்கு தொழ வேண்டும்.

சாப்பாட்டில், ஜிஎஸ்டி சாலையில் பிரியாணிப் பலகைகள் ஏராளம். பலகையில் உள்ள ஊரின் பெயரை நம்பாமல், அறுப்பு ஹலால்தானா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கடற்கரையில் மீன் சாப்பிடுவதில் அறுப்புப் பிரச்சினை இல்லை. ஆனால் மது பரிமாறும் உணவகங்கள் மாமல்லபுரத்தில் உண்டு, குடும்பத்தோடு உள்ளே போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். நண்டு விஷயத்தில் ஷாஃபிஈ குடும்பங்களுக்கு வசதி. ஹனஃபி வீட்டார் வஞ்சிரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

தங்குவதற்கு மாமல்லபுரத்தைவிடச் செங்கல்பட்டு, மறைமலை நகர்ப் பக்கம் வாடகை குறைவு, மகனும் மாலையில் வேலை முடிந்து வந்து சேர்ந்துகொள்ள முடியும். திரும்பும்போது தென் மாவட்டப் பேருந்துக்குக் கோயம்பேடு வரை போக வேண்டியதில்லை. 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் முனையம் இதே சாலையில், சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வடக்கே இருக்கிறது. ரயிலில் போவோர் செங்கல்பட்டிலேயே ஏறிக்கொள்ளலாம். முன்பதிவு செய்யும்போது ஏறும் நிலையமாகச் செங்கல்பட்டைக் குறிப்பிட மறந்துவிடாதீர்கள்.